தீவில் கால் கழுவிய நாள்

என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பட்டம் ‘கவலைக் கண்டாக்கு’. தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு என்றால் மலை மலையாக ஏறி இறங்கி, யார் எந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று மேற்பார்வை செய்கிறவர். நானும் அப்படித்தானாம். ஊரில் உள்ள கவலைகளையெல்லாம் காலையில் எழுந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குத் தேநீர் இறங்குமாம். அவர் சொல்வதில் பொய் இல்லை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. மழைக்காலத்தில் என் முதல் வேலை பாடம் சொல்லித் தருவது இல்லை, தலை துவட்டுவதுதான். லயத்து வரிசை வீடுகளிலிருந்து நனைந்துகொண்டு வருகிற பிள்ளைகளை வாசலிலேயே பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு தலையையும் துண்டால் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். தலையில் ஈரம் நின்றால் சளி, சளி முற்றினால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. என் மனசு எந்தப் படியிலும் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் மகள் வந்து, தான் கட்டிக்கொள்ள நினைக்கிறவர் ஒரு மீனவர் என்று சொன்னாள். அதுவும் கரையில் இருக்கிற மீனவர் இல்லை. கற்பிட்டிப் பக்கம், கடல் உள்ளே புகுந்து கிடக்கிற களப்பைத் தாண்டி, ஒரு தீவில் இருக்கிறவர். அவள் கட்டுநாயக்காவில் தையல் ஆலையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற பெண்ணின் அண்ணன். பழக்கம் அப்படித்தான் வந்திருக்கிறது. பையன் நல்லவன், குடிக்க மாட்டான், சிங்களமும் தமிழும் பேசுவான் என்று என்னென்னவோ சொன்னாள். எனக்கு ‘தீவு’ என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது. லக்சபானை பக்கம் பஸ்ஸில் போகும்போது நீர்த்தேக்கத்தைப் பார்த்தாலே நான் ஜன்னலை விட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்காருகிற ஆள்.

அன்றைக்கு ராத்திரி முதல் எனக்கு ஒரே ஒரு காட்சிதான். என் மகள் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனவன் வரவில்லை. முகம் தெரியாத ஒருத்தனுக்காக, இன்னும் நடக்காத கல்யாணத்துக்காக, நான் படுக்கையில் கிடந்து அழுதேன். வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள அறுத்துட்டியா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நான் சம்மதிக்கப் போவதில்லை என்று மகளுக்கும் தெரியும். அதனால் ஒரு பேச்சு பேசினாள். “அம்மா, ஒரே ஒரு நாள் வந்து பாருங்க. வீட்டப் பாருங்க, ஆளுகளப் பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா நான் அதுக்கப்புறம் வாயத் தெறக்க மாட்டேன். சத்தியமா.” என் மகள் சத்தியம் செய்தால் காப்பாற்றுவாள். ஆக, முடிவு என் கையில். ஒரு நாள் போய் வருவது, அந்தச் சொல்லைச் சொல்வது, பிள்ளையை மீட்டுக்கொண்டு வருவது. நான் ஒத்துக்கொண்டேன். என்ன வார்த்தையில் சொல்வது என்பதைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். ‘உங்க குடும்பம் தங்கமான குடும்பம், ஆனா எங்க புள்ளைக்கு இந்த எடம் ஒத்துவராதுங்க’ என்று பணிவாக, சிரித்த முகத்தோடு.

தாய்மாமன் இல்லாமல் எந்தப் பேச்சும் நடக்காது என்பதால் என் அண்ணனும் கூட வந்தான். ஹட்டனில் கடை வைத்திருக்கிறான். எங்கே போனாலும் தான்தான் தலைவர் என்ற நினைப்பு. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, ஆனிக்குள் போய் வந்துவிட வேண்டும் என்று நாள் பார்த்ததும் அவன்தான். தாம்பூலத் தட்டுக்கு வேண்டியதையும் அவனே வாங்கினான். “தட்டு எதுக்கு? நம்ம பாக்கத்தான போறோம்?” என்றேன். “கொண்டுபோறதுல என்ன? வேணாம்னா திருப்பிக் கொண்டு வந்துருவோம்” என்றான். ஏதோ பழக்கடைத் தட்டு மாதிரி.

விடிவதற்கு வெகு முன்னால் கிளம்பினோம். மழை ஒரு நொடி விடவில்லை. கிளம்புவதற்கு முன் லயத்துக் கோடியில் இருக்கிற பீலியில் போய்க் கை கால் முகம் கழுவினோம். பீலி என்பது மலை ஊற்றைக் குழாய் வைத்து இழுத்துவிட்டது. அதற்குத் திருகு கிடையாது, மூடியும் கிடையாது. பகலும் இரவும் கொட்டிக்கொண்டே இருக்கும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது, வெளியே போய்விட்டு வந்தால் காலைக் கழுவுவது எல்லாம் அதில்தான். யாரும் பார்க்காத நேரத்திலும் அது பாட்டுக்கு ஓடும். தண்ணீரை நிறுத்துவது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கே தெரிந்தது.

வேனில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு, கினிகத்தேனை வளைவுகளில் என் கவலைகளையும் உருட்டிக்கொண்டு போனேன். வழியில் மகள் ஏறிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்தால் என் ஒத்திகை வார்த்தைகள் மறந்துவிடும்போல இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிலாபம் தாண்டியதும் மழை எங்கே போனது என்று தெரியவில்லை. புத்தளத்தில் நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அண்ணன் குல்லாவைக் கழற்றினான். கற்பிட்டியில் இறங்கியபோது வெயில் நேராகத் தலையில் ஏறி உட்கார்ந்தது. கூடவே காற்று. எங்கள் ஊர்க் காற்று ஈரத்தைச் சுமந்து வரும், மெதுவாகத்தான் வரும். இந்தக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டுவிட்டுப் போனது.

இறங்குதுறையில் எங்களுக்காக மாப்பிள்ளைப் பையன் போட்டோடு காத்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கருத்த, ஒல்லியான பையன். எங்களைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டான். நான் அவனைப் பார்த்ததைவிட அவன் போட்டைத்தான் அதிகம் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்த எஞ்சின் போட். பக்கவாட்டுச் சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை. “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டேன்.

“பயப்படாதீங்கம்மா. காலைல களப்பு அமைதியாத்தான் இருக்கும். சோளகக் காத்து மத்தியானத்துக்கு மேலதான் ஏறும். அதுக்கு முன்னுக்குத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவேன்” என்றான்.

அவன் ஆறுதலுக்குச் சொன்னான். மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறும் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

போட்டில் இருந்த ஒரே ஒரு உயிர்காப்பு அங்கியை அண்ணன் யாரையும் கேட்காமல் மாட்டிக்கொண்டான். பாதி வழியிலேயே வயிற்றில் இருந்த ரொட்டி எல்லாவற்றையும் களப்புக்குக் கொடுத்துவிட்டான். வீட்டுக்காரர் அவன் முதுகைத் தடவிக்கொண்டு, “மச்சான், தலைவருக்கெல்லாம் இது சகஜம்” என்றார். மகள் சிரித்தாள். பையனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நான் போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாரியம்மனைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

தீவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழகாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்த இடம் அசிங்கமாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! ஒரு வீடு ரோஜா நிறம், அடுத்தது வான நீலம், அதற்கடுத்தது கிளிப்பச்சை, கதவு மட்டும் ஆரஞ்சு. போட்டுகளுக்கு அடித்து மிஞ்சுகிற பெயின்ட்டை வீட்டுச் சுவருக்கு அடித்துவிடுவார்களாம். அதனால் எந்தப் போட் யாருடையது என்று வீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். பந்தல் பந்தலாகக் கருவாடு காய்ந்தது. மாதா சிலைக்கு முன்னால் ஒரு கழுதை நின்று எங்களை முறைத்தது. எங்கள் லயத்துக்கு எப்போதோ அடித்த சுண்ணாம்பு பாசி பிடித்துக் கறுத்துக் கிடப்பது நினைவுக்கு வந்தது.

பையன் வீடு மஞ்சள், கதவு பச்சை. அவனுடைய அம்மா வாசலுக்கு ஓடிவந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். “வாங்க, வாங்க, வெயில்ல வாறீங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அந்த வீட்டில் பிறந்தவள் மாதிரி நேராக அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். என் காலெல்லாம் மணல். உப்புக் காற்றில் முகம் பிசுபிசுவென்று இருந்தது. நல்ல காரியம் பேச ஒரு வீட்டுக்குள் போகும்போது கால் முகம் கழுவாமல் போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கலங்கலாக, மஞ்சள் தட்டி இருந்தது. யாரோ எதையோ கழுவிவிட்டு மிஞ்சியது என்று நினைத்தேன். அடுப்படிச் சுவரோரத்தில் ஒரு பெரிய நீலப் பீப்பாய் மூடிபோட்டு நின்றது. மேலே ஒரு குவளை. திறந்து பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். இதுதான் சரி என்று மொண்டு காலில் ஊற்றினேன். ஒரு குவளை, இரண்டு குவளை, மணல் போகிறவரைக்கும். பிறகு முகம், கை, கழுத்து. அவ்வளவு நேரம் வெந்த உடம்புக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது! வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அண்ணனையும் கூப்பிட்டேன்.

“சட்டையெல்லாம் நாறுது, நல்லாக் கழுவுண்ணே. இப்படியே போய் உக்காந்தா என்ன நெனப்பாங்க?”

அவன் வாய் கொப்பளித்து, தலையில் ஊற்றி, சட்டையைக் கழற்றி அலசி, மறுபடியும் தலையில் ஊற்றினான். பீலியடியில் நிற்பதாகவே அவனுக்கு நினைப்பு. பையனின் அம்மா கதவருகே வந்து நின்றார். ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு, “நல்லாக் கழுவுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். என்ன மரியாதையான மனுசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே புதுப் பாய் விரித்திருந்தார்கள். தேநீர் வந்தது. நான் தோட்டத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்த தேயிலைதான், நல்ல மணம். ஆனால் அரைக் கிளாஸ். எல்லோருக்கும் அரைக் கிளாஸ். எங்கள் பக்கம் விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்தால் கிளாஸ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும், தூக்கும்போது கொஞ்சம் சிந்தவும் வேண்டும். அண்ணன் கிளாஸைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என் காதில், “தங்கச்சி, கை கொஞ்சம் இறுக்கம்போல” என்றான். நானும் அதைக் குறித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கூடியது.

அதற்குள் பையனைக் காணோம். அடுப்படிப் பக்கம் அவனும் அம்மாவும் குசுகுசுவென்று பேசியது கேட்டது. பிறகு இரண்டு கையிலும் காலி பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. எண்ணெய் வாங்கப் போகிறானா? இல்லை, கேனில் வேறு ஏதாவது வாங்கிவரப் போகிறானா? குடிக்க மாட்டான் என்று மகள் சொன்னது இப்போது சந்தேகமாக இருந்தது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போகிறவன் என்ன மாப்பிள்ளை?

நேரம் போனது. பேச்சு தீர்ந்தது. மீன் குழம்பு வாசம் இல்லை, சோறு கொதிக்கிற சத்தமும் இல்லை. காற்று மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. அண்ணனுக்கு வயிறு காலி, அதனால் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்காரர் பாயிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே வெட்டிக் கழுவாத மீன் ஒரு சட்டி நிறைய இருந்தது. அரிசி முறத்தில் இருந்தது. அடுப்பு எரியவில்லை. மகள் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி வீடு இது? வந்தவங்களுக்கு ஒரு வாய் சோறு போட இவ்வளவு நேரமா? அவன் எங்க போயிட்டான்? ஆட்களக் கூப்பிட்டு வச்சுட்டு இப்படித்தான் போவானா?”

மகள் தலையைத் தூக்கவில்லை. “அம்மா, மெதுவாப் பேசுங்க.”

“ஏன் மெதுவாப் பேசணும்?”

“தண்ணி இல்லம்மா.” அவள் குரல் உடைந்தது. “நீங்க கழுவுனது குடிக்கிற தண்ணி. இங்க கெணத்துத் தண்ணி உப்பு. நல்ல தண்ணி அந்தப் பக்கத்துலருந்து போட்லதான் வரணும். எஞ்சின் கெட்டுப்போய் இந்த வாரம் தண்ணி போட் வரல. அந்தப் பீப்பா அவங்க நமக்குன்னு கொஞ்சங்கொஞ்சமாச் சேத்து வச்சது, இன்னைக்குச் சமைக்கிறதுக்கு. கால் கழுவ வாசல்ல வாளில வச்சிருந்தாங்களே, பாக்கலையா? டீ போட்டதுகூடப் பக்கத்து வீட்டுல கேட்டு வாங்குனது. அவங்ககிட்டயும் அவ்வளவுதான் இருந்துச்சு.”

எனக்குக் காது அடைத்தது.

“அவன்...”

“தண்ணிக்குத்தான் போயிருக்காரு. நான் போக வேணாம்னு சொன்னேன். ‘உங்க அம்மா மொத மொத வந்திருக்காங்க, பட்டினியாவா அனுப்புறது’ன்னு கேக்குறாரு.”

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அடுப்படி மண்ணுக்குள் என்னைப் புதைத்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். ஆனால் வெட்கத்துக்கு அங்கே வெகுநேரம் இடம் இருக்கவில்லை. கூரைத் தகரம் மறுபடியும் அடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு விளங்கியது, மத்தியானம் தாண்டிவிட்டது. சோளகம் ஏறுகிற நேரத்தில் ஒரு பிள்ளை களப்பில் இருக்கிறான். கடல் அவனை இழுக்கவில்லை. தொழிலும் இழுக்கவில்லை. என் காலில் ஒட்டியிருந்த மணல்தான் அவனை அங்கே அனுப்பியது.

கரைக்கு ஓடினேன். காலையில் கஞ்சிப் பாத்திரம் மாதிரி அசையாமல் கிடந்த தண்ணீர் இப்போது எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. ஒரு போட்டும் தெரியவில்லை. மற்றவர்களுடைய போட்டுகள் எல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்தன. தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் கரையில் இருக்கிறார்கள், அவன் மட்டும்தான் உள்ளே.

பையனின் அம்மா ஒரு கவிழ்த்துப்போட்ட பழைய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். கடலுக்கு முதுகைக் காட்டியபடி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெற்ற பிள்ளை அங்கே இருக்கிறான், இந்தப் பெண்ணுக்குத் திரும்பிப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை?

“அக்கா, உங்களுக்குப் பயமாவே இல்லையா?”

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “பயம் இல்லாம? கடலப் பாத்துக்கிட்டு நின்னா கையில வேல ஓடாது. கண்ணு அங்கயே நின்னுரும். அதான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கேன்.” பக்கத்தில் மணலைத் தட்டிக் காட்டினார். “நீங்களும் வாங்க. இப்படித் திரும்பி உக்காருங்க.”

அப்போதுதான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். குப்பை எடுத்து முடிந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தன.

“நான் தெரியாமக் கழுவிட்டேன்” என்றேன்.

“தெரியும். எங்க மருமக எல்லாம் சொல்லியிருக்கா. உங்க ஊர்ல தண்ணி நிக்காதாமே, ராத்திரியிலயும் ஓடுமாமே. நான் நம்பல. இன்னைக்குத்தான் நம்புனேன்.” சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னால் திரும்பி உட்கார முடியவில்லை. நான் கவலைக் கண்டாக்கு இல்லையா, பார்த்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் விளிம்புக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னாலேயே என் மகள் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை மாதமாகப் படுக்கையில் நான் பார்த்த அதே காட்சி. அதே மாதிரி நிற்கிறாள், அதே மாதிரி பாவாடை காற்றில் அடிக்கிறது. ஒன்றுதான் வித்தியாசம், அந்தக் காட்சியில் நான் இருந்ததே இல்லை. இப்போது பக்கத்தில் நிற்கிறேன். போனில் கேட்டபோதெல்லாம் ‘பயமே இல்லம்மா’ என்று சொன்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

“பொய்தான சொன்ன?” என்றேன்.

“ஆமா” என்றாள்.

நான் அவள் கையை விடவில்லை. மாரியம்மனிடம் பேரம் பேசினேன். வரட்டும், பத்திரமாக வரட்டும், நான் எதையும் தடுக்கவில்லை என்று சொன்னேனா, இல்லை வந்துவிட்டால் வருகிற அம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று சொன்னேனா, எனக்கே நினைவில்லை. மாதா சிலை பக்கமும் ஒரு கும்பிடு போட்டேன். அவர்கள் ஊரில் அவர்களுடைய சாமிக்குத்தான் பழக்கம் அதிகம் இருக்கும் அல்லவா. வீட்டுக்காரர் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரும் நெற்றியில் கையை வைத்துக் கடலைத்தான் பார்த்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

முதலில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. அலை ஏறும்போது தெரிந்தது, இறங்கும்போது மறைந்தது. ஒவ்வொரு தடவை மறையும்போதும் மகள் என் கையை நெரித்தாள். கரையில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். அவ்வளவு நேரம் யாருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். போட் பக்கத்தில் வந்ததும் நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். பையன் இறங்கினான். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். கண் இரண்டும் உப்பில் சிவந்திருந்தன. கேன்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

“ஒண்ணு மட்டும் போயிருச்சும்மா. மத்தது எல்லாம் இருக்கு” என்றான், ஏதோ அவன்தான் தப்பு செய்தவன் மாதிரி.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கால் தண்ணீரில் இறங்கியதுகூடத் தெரியாமல் அவனிடம் போய், அவன் தலையைப் பிடித்து இழுத்து என் முந்தானையால் பரபரவென்று துவட்ட ஆரம்பித்தேன். நல்ல காரியத்துக்கென்று கட்டிவந்த பட்டுச்சேலை முந்தானை. துவட்டத் துவட்ட வாய் பாட்டுக்குத் திட்டியது.

“அறிவிருக்கா ஒனக்கு? ஒரு வேள சாப்பிடாட்டி நாங்க செத்தா போயிருவோம்? எவனாவது இந்தக் காத்துல தண்ணிக்குப் போவானா? போனவன் சொல்லிட்டுப் போகக் கூடாதா? இங்க நாங்க எல்லாரும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். தலையப் பாரு, எப்படி நனஞ்சிருக்குன்னு! சளி புடிச்சா யாரு பாக்குறது?”

கொளுத்துகிற வெயில். நான் தொடாமல் விட்டிருந்தாலே சிறிது நேரத்தில் காய்ந்திருப்பான். அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த எவருக்கும் யாரும் தலை துவட்டியிருக்க மாட்டார்கள். அவன் முன்பள்ளிப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றான். முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு கரையே சிரித்தது. பையனின் அம்மா வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து, “தங்கச்சி, அவன எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க” என்றார். அதைச் சொன்னபோதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. நான் என் கையைப் பார்த்தேன். அது இன்னும் அவன் தலையில்தான் இருந்தது.

சோறு சாப்பிட வெகுநேரம் ஆகிவிட்டது. அந்த மீன் குழம்பு மாதிரி ஒரு குழம்பை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. கை கழுவ வாளித் தண்ணீரில் கொஞ்சமாக, ஒரு கை மட்டும் நனைகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, தானும் அப்படியே செய்தான். சாப்பிட்டு முடித்ததும் தாம்பூலத் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “என்ன தங்கச்சி, தட்டத் திருப்பிக் கொண்டு போறமா, வச்சுட்டுப் போறமா?” என்று கேட்டான். என் ஒத்திகை வார்த்தைகளைத் தேடினேன். அதற்குப் பதில் என் கை தட்டில் சரிந்திருந்த வெற்றிலையை நிமிர்த்தி வைத்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பாயின் நடுவில் வைத்தான். மகள் அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே விசும்பல் கேட்டது.

பொழுது சாய்ந்து காற்று இறங்கிய பிறகுதான் பையன் எங்களைக் கொண்டுவந்து விட்டான். உயிர்காப்பு அங்கியை அண்ணன் எடுக்கப் போனான், நான் பிடுங்கிப் பையனிடம் கொடுத்தேன். “திரும்பிப் போகும்போது நீ போட்டுக்க” என்றேன். அண்ணன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

வீட்டுக்கு வந்தபோது இங்கே மழை பெய்துகொண்டே இருந்தது. பீலி அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. காலைக் கழுவப் போனவள் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு வாரம் சேர்த்து வைத்த தண்ணீர் இங்கே நான் நிற்கிற நேரத்திலேயே ஓடையில் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் குடையோடு வந்து, “என்ன கண்டாக்கு, தண்ணியையும் மேற்பார்வை பாக்க ஆரம்பிச்சாச்சா?” என்றார்.

கல்யாணம் தை மாதம் என்று பேசி முடித்திருக்கிறோம். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். போகவே இல்லை, கூடித்தான் இருக்கிறது. முன்பு முகம் தெரியாதவனுக்காகப் பயந்தேன். இப்போது அந்தத் தலையின் ஈரம்வரை எனக்குத் தெரியும். எங்கள் மலையில் கொஞ்சம் காற்று அடித்தாலும் அங்கே எப்படியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சாயங்காலமானால் மகளுக்குப் போன் போட்டு, “கரைக்கு வந்துட்டானா?” என்று கேட்கிறேன். வந்துவிட்டான் என்று அவள் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

போன வாரம் அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஏம்மா இப்படிக் கெடந்து தவிக்கிறீங்க? அன்னைக்கே வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பாடு இல்லேல்ல?”

“சொல்லியிருக்கலாம்தான்” என்றேன். “சொல்லியிருந்தா, அவன் வந்துட்டானான்னு இப்ப நான் யாருகிட்டடி போய்க் கேக்குறது?”